உறுப்பினர் பட்டியல் யார் கையில்? இத்தாலியின் ஐந்து நட்சத்திர இயக்கமும் இணையவழிக் கட்சி அமைப்பும், 2005–2024

கிளை அலுவலகம், சந்தா ரசீது, கட்சி நாளேடு, வீடு வீடாகச் செல்லும் ஊழியர்: போருக்குப் பிந்தைய இத்தாலியில் கட்சி என்றால் இவைதான். அந்த அமைப்பு 1990களின் தொடக்கத்தில் குலைந்தது. கம்யூனிஸ்ட் கட்சி 1991இல் தன்னைக் கலைத்துக்கொண்டு வேறு பெயரில் எழுந்தது. 1992இல் மிலானில் தொடங்கிய ஊழல் விசாரணைகள் கிறித்தவ ஜனநாயகக் கட்சியையும் சோஷலிஸ்ட் கட்சியையும் இரண்டே ஆண்டுகளில் முடித்துவைத்தன. அடுத்து வந்த ஊடகத் தொழிலதிபர் பெர்லுஸ்கோனி தொலைக்காட்சியை நம்பிக் கட்சி நடத்தினார். ஆகவே, இணையம்தான் கட்சிகளின் அடித்தளத்தைச் சிதைத்தது என்ற பரவலான கருத்து இத்தாலிக்குப் பொருந்தாது. இணையம் வந்தபோது அடித்தளம் ஏற்கெனவே வெறுமையாகக் கிடந்தது.

அந்த வெற்றிடத்தில் எழுந்ததே ஐந்து நட்சத்திர இயக்கம். இடைநிலை நிர்வாகிகளே இல்லாத கட்சியைக் கட்டுவதாக அது அறிவித்தது. பெருமளவு கட்டவும் செய்தது. ஆனால் அந்த நிர்வாகிகளிடம் இருந்திருக்கக்கூடிய அதிகாரம் உறுப்பினரிடம் போய்ச் சேரவில்லை. இணையதளத்தையும் சின்னத்தையும் உறுப்பினர் பட்டியலையும் வைத்திருந்தவர்களிடம் குவிந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஜெனோவாவைச் சேர்ந்த நகைச்சுவைக் கலைஞர் பெப்பே கிரில்லோ 1986இல் அரசுத் தொலைக்காட்சியில் சோஷலிஸ்ட் கட்சியைக் கேலி செய்ததால் திரையிலிருந்து ஓரங்கட்டப்பட்டவர். 2005 ஜனவரியில் அவர் தொடங்கிய வலைப்பதிவை வடிவமைத்து நடத்தியது, மிலானில் இணைய ஆலோசனை நிறுவனம் வைத்திருந்த ஜான்ரொபெர்த்தோ கசலெஜ்ஜோ. அமெரிக்காவில் ஹோவர்ட் டீன் 2004 அதிபர் வேட்பாளர் தேர்வுக்கான பிரச்சாரத்தில் மீட்டப் தளத்தைக் கொண்டு ஆதரவாளர்களை ஊர்தோறும் கூட்டியதை கசலெஜ்ஜோ கவனித்திருந்தார். 2005இன் நடுப்பகுதியிலிருந்து அதே தளத்தில் கிரில்லோவின் நண்பர்கள் என்ற பெயரில் குழுக்கள் முளைத்தன. குப்பை எரிப்பாலை, குடிநீர் விநியோகம், பொதுப் போக்குவரத்து என உள்ளூர்ப் பிரச்சினைகளை அவை கையிலெடுத்தன. 2007 செப்டம்பர் 8 அன்று பல நகரச் சதுக்கங்களில் ஒரே நாளில் கூடி, தண்டனை பெற்றவர்கள் நாடாளுமன்றத்தில் அமரக் கூடாது என்ற சட்ட முன்மொழிவுக்கு 3 லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகளைத் திரட்டின. தேவைப்பட்டது 50,000. இந்தக் குழுக்களின் உழைப்பை ஆய்வாளர்கள் பலர் குறைத்தே மதிப்பிட்டிருக்கிறார்கள். இயக்கத்தின் உண்மையான முதலீடு அதுதான் என்பது என் கணிப்பு.

2009 அக்டோபர் 4 அன்று மிலானில் இயக்கம் முறையாகப் பிறந்தது. அதன் விதிமுறை ஆவணம் கட்சியின் தலைமையிடம் கிரில்லோவின் இணைய முகவரியே என்று வரையறுத்தது. பெயருக்கும் சின்னத்துக்கும் உரிமையாளர் கிரில்லோ ஒருவரே என்றது. பின்னர் வந்த மோதல்கள் அனைத்துக்கும் விதை இந்த இரண்டு விதிகளில் இருக்கிறது. பொதுக்குழுவோ மாவட்ட அமைப்போ இல்லாத கட்சியில் சின்னத்தைப் பறித்தாலே ஒருவர் வெளியேறியவர் ஆகிவிடுவார்.

2012 டிசம்பரில் நாடாளுமன்ற வேட்பாளர்களை உறுப்பினர்கள் இணையவழியே தேர்ந்தெடுத்தார்கள். வாக்களித்தவர்கள் 20,000 பேருக்குச் சற்று அதிகம். இரண்டரை மாதம் கழித்து நடந்த பொதுத் தேர்தலில் அந்த வேட்பாளர்களுக்கு விழுந்தவை ஏறத்தாழ 87 லட்சம் வாக்குகள், அதாவது 25.6 விழுக்காடு. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்தத் தேர்தலில் கிரில்லோ இத்தாலியத் தொலைக்காட்சிகளைத் தவிர்த்து, வேனில் ஊர் ஊராகச் சென்று சதுக்கங்களை நிரப்பினார். இணையக் கட்சியின் முதல் பெருவெற்றியில் மேடைப் பேச்சுக்கும் கணிசமான பங்கு உண்டு.

உறுப்பினர்கள் தலைமைக்கு எதிராக வாக்களித்ததே இல்லையா? உண்டு. சட்டவிரோதக் குடியேற்றம் குற்றம் என்ற சட்டப்பிரிவை நீக்கலாமா என்று 2014 ஜனவரியில் கேட்கப்பட்டபோது, கிரில்லோவும் கசலெஜ்ஜோவும் வெளிப்படையாக எதிர்த்தும், 15,839 பேர் நீக்கலாம் என்றார்கள். 9,093 பேர் மறுத்தார்கள். இப்படிப்பட்ட தருணங்கள் அரிது. 2017இல் ஜெனோவா மேயர் வேட்பாளராக மரிகா கசிமாத்திஸ் இணைய வாக்கெடுப்பில் வென்றார். தன்னை நம்புங்கள் என்று சொல்லி கிரில்லோ அந்த முடிவை ரத்து செய்தார். வேட்பாளர் நீதிமன்றம் சென்று அந்த ரத்துக்குத் தடை பெற வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரியில் மாரியோ டிராகி அரசை ஆதரிக்கலாமா என்ற கேள்வியோ, சூழலியல் மாற்றத்துக்கான பெரிய அமைச்சகம் அமையும் என்ற இனிப்பையும் சேர்த்தே எழுதப்பட்டது. 59.3 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டார்கள். கேள்வியின் வாசகத்தையும் வாக்கெடுப்பின் தேதியையும் முடிவு செய்யும் உரிமை உறுப்பினருக்கு இல்லாதவரை, வாக்குரிமை பாதி உரிமைதான்.

2016 ஏப்ரலில் கசலெஜ்ஜோ இறந்த மறுநாள் தொடங்கப்பட்ட, கட்சியின் இணைய வாக்கெடுப்புகள் நடந்த ரூசோ தளத்தில் இந்த அதிகாரக் குவிப்பு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. தளம் கட்சிக்குச் சொந்தமாக இல்லை. அவருடைய மகன் டேவிடே தலைமையிலான தனிச் சங்கத்திடம் இருந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 300 யூரோ அதற்குச் செலுத்தினார்கள். 2019 ஏப்ரலில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இணைய வாக்கின் ரகசியமும் நம்பகத்தன்மையும் உறுதிப்படவில்லை என்று கண்டு 50,000 யூரோ அபராதம் விதித்தது. 2021இல் பாக்கித் தொகை குறித்த தகராறில் கட்சியும் சங்கமும் பிரிந்தன. அப்போது நாட்டின் மிகப் பெரிய நாடாளுமன்றக் கட்சியின் கையில் தன் உறுப்பினர்களின் பட்டியல் இல்லை! ஐந்து நாளில் ஒப்படைக்குமாறு அதே ஆணையம் ஜூன் மாதம் உத்தரவிட்ட பிறகே அது கிடைத்தது.

அதன் பின்னரே முன்னாள் பிரதமர் ஜுசெப்பே கோன்தே தலைமையில் புதிய விதிமுறைகள் வந்தன. 2024 நவம்பரில் கிரில்லோ வகித்த, கட்சி விதிகளுக்கு விளக்கம் தரும் உரிமை கொண்ட பாதுகாவலர் பதவியை நீக்க உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். விதிகளைச் சுட்டிக்காட்டி அவர் மறுவாக்கெடுப்பு கேட்டார். டிசம்பரில் அது நடந்தது. இம்முறை 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பதவியை நீக்கினார்கள். கட்சியைத் தொடங்கியவர் அதில் எந்தப் பொறுப்பும் இல்லாமல் வெளியே நின்றார்.