சொந்தத்துக்குள் டிஎன்ஏ
1970, 80களில் கலிஃபோர்னியாவில் 13 பேரைக் கொன்ற ஜோசப் டிஏஞ்சலோ 2018இல்தான் சிக்கினான். பழைய தடயத்தின் டிஎன்ஏவை ஜெட்மேட்ச் போன்ற வம்சாவளித் தளங்களில் ஏற்றி, தூரத்துச் சொந்தங்களைக் கண்டுபிடித்து, குடும்ப மரத்தில் கிளை கிளையாக இறங்கி அவனைப் பிடித்தார்கள்.

பழவேற்காட்டில் இது பலிக்குமா? வம்சாவளிக்குப் பஞ்சமில்லை. பாடு முறை உள்ள குப்பங்களில் ஏரியில் வலைபோடும் உரிமையே பரம்பரையாக வருவது. சிக்கல் வேறு. தமிழ்நாட்டின் பல ஊர்களைப் போல மாமன் மகள், அத்தை மகளைக் கட்டும் வழக்கம் தலைமுறைகளாகத் தொடர்ந்தால், ஒருவருக்கொருவர் இரண்டு மூன்று வழியில் சொந்தம். மரம் எங்கே சார் இருக்கு, வலைதான். பகிர்ந்த டிஎன்ஏ கூடிப்போய் தூரத்து உறவுக்காரர்கூட நெருங்கிய சொந்தமாகத் தெரிவார். போலீஸ் தப்பான வீட்டுக் கதவைத் தட்டும்.

டிஎன்ஏ வங்கிக்கான 2019 மசோதாவை ஒன்றிய அரசு 2023இல் திரும்பப் பெற்றது. அது மறுபடி வந்தால், இந்த மாதிரி ஊர்களுக்கு என்ன விதி என்றுதான் முதலில் தேடுவேன்.