ஆளில்லாத ஹாலில் பிறந்த எண்

4,99,135. பில்லியர்ட்ஸில் ஒரே பிரேக்கில் எடுத்த புள்ளிகள் இவை. நடுவில் ஓர் அடிகூடத் தவறவில்லை. 1907 ஜூன் 3 அன்று லண்டன் சோஹோ சதுக்கத்தில் டாம் ரீஸ் ஆரம்பித்தார். ஜூலை 6 அன்று முடித்தார். ஆடிய நேரம் மட்டும் 85 மணி 49 நிமிடம். எதிராளி ஜோ சாப்மன், பாவம், தன் முறை எப்போது வரும் என்று ஐந்து வாரம் காத்திருந்தார்.

மனிதனால் ஆகிற காரியமா இது? ஆகும், வித்தை தெரிந்தால். மேசையில் மூன்றே பந்துகள். நம் பந்து மற்ற இரண்டையும் தொட்டால் அது கேனன், 2 புள்ளி. மூலைப் பாக்கெட்டின் வாயில், இந்த முனைக்கு ஒன்று அந்த முனைக்கு ஒன்றாக இரண்டு பந்துகளையும் அண்டக்கொடுத்து நிறுத்திவிட வேண்டும். பிறகு நம் பந்து பட்டும் படாமலும் உரசிவிட்டு வந்தால் போதும். அவை இடம்விட்டு நகராது; அடுத்த அடிக்கும் அதே நிலைதான் காத்திருக்கும். இதற்குக் கிரேடில் கேனன் என்று பெயர். ரீஸ் இப்படிப் போட்டது ஏறக்குறைய இரண்டரை லட்சம் கேனன்.

இந்த அடி அன்றைக்கு ஃபவுல் இல்லை. அதே ஆண்டு மே 29 முதல் ஜூன் 7 வரை வில்லியம் குக் இதே வித்தையில் 42,746 எடுத்தார். அது சாதனையாகப் பதிவானது. அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் எடுத்த ரீஸுக்கோ கைவிரித்துவிட்டார்கள். பத்திரிகையாளர்களும் பொதுமக்களும் ஆட்டம் முழுக்கக் கூட இருக்கவில்லை என்பதே காரணம். இருந்திருந்தால்தான் ஆச்சரியம்! ஒரே மூலையில் ஒரே உரசலை ஐந்து வாரம் காசு கொடுத்து யார் பார்ப்பார்கள்?

பிறகு அந்தக் கேனனுக்கே தடை வந்தது. கதை அதோடு நிற்கவில்லை. 1932 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் வால்டர் லிண்ட்ரம், ஜோ டேவிஸுக்கு எதிராக 175 நிமிடத்தில் 4,137 எடுத்தார். பந்துகளைக் குஷன் ஓரமாகவே சின்னச் சின்னக் கேனன்களால் ஓட்டிக்கொண்டு போவதில் அவர் மன்னன். உடனே, பிரேக்கின் நடுவே மேசையின் ஒரு முனையருகே குறுக்காக வரைந்திருக்கும் பால்க் கோட்டை அவ்வப்போது தாண்டியாக வேண்டும் என்று விதி போட்டார்கள். இன்றைக்குத் தொடர்ந்து 75 கேனனுக்கு மேல் போடக்கூடாது. ரீஸ் இப்போது ஆடினால் 150 புள்ளியோடு வேறு அடிக்கு மாற வேண்டியதுதான்.

4,99,135 சாதனைப் புத்தகங்களில் இருக்கிறது, ‘அதிகாரப்பூர்வமற்றது’ என்ற அடைமொழியோடு. அது நியாயம்தான். சாட்சி வேண்டும் என்பது குக்குக்கும் ரீஸுக்கும் பொதுவான நிபந்தனை. ஒன்று மட்டும் சொல்வேன்: 1992 உலகத் தொழில்முறைப் போட்டியில், இத்தனை கட்டுப்பாடுகளுக்கும் நடுவே கீத் சேத்தி எடுத்த 1,276-ஐப் பார்க்கத்தான் நான் டிக்கெட் வாங்குவேன்.