அமெரிக்காவில் துப்பாக்கி இறக்குமதி
வெளிநாட்டுத் துப்பாக்கிகளையும் உதிரிபாகங்களையும் சட்டப்படி அமெரிக்காவுக்குள் கொண்டுவரும் நடைமுறை. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டமே இதன் அடித்தளம். அதற்கு முன், கழித்துவிடப்பட்ட ராணுவத் துப்பாக்கிகள் தாராளமாக வந்திறங்கி, தபாலிலேயே விற்பனையாயின. 1963-இல் அதிபர் கென்னடியின் உயிரைக் குடித்ததும் தபாலில் வாங்கிய இத்தாலியத் துப்பாக்கிதான். அத்தனை பெரிய இழப்புக்குப் பிறகும் சட்டம் வர ஐந்தாண்டுகள் பிடித்தன.

இறக்குமதியாளர் ஆறாம் எண் படிவத்தில் முன்னனுமதி பெற வேண்டும்.

கைத்துப்பாக்கிகளுக்கு மதிப்பெண் முறை உண்டு. நீளம், எடை, பாதுகாப்பு அமைப்பு முதலியவற்றுக்குப் புள்ளிகள் தரப்படும். பிஸ்டலுக்கு 75 தேவை. உயரமும் 4 அங்குலத்துக்குக் குறையவே கூடாது. ஜெர்மனியின் வால்தர் பிபிகே இங்கேதான் தடுக்கி விழுந்தது. நிறுவனம் சளைக்கவில்லை. தன் பழைய பிபி மாடலின் உயரமான அடிச்சட்டத்தில் பிபிகேயின் மேற்பகுதியைப் பொருத்தி, 'பிபிகே/எஸ்' என்ற பெயரில் அனுப்பியது. சில மில்லிமீட்டர் கூடியதும் அனுமதி கிடைத்தது. ஆபத்தை அங்குலத்தால் அளக்கும் விதியின் பலவீனத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பாகங்களாகக் கொண்டுவந்து உள்ளூரில் கோத்துவிடும் வழிக்கும் கடிவாளம் உண்டு. இறக்குமதிக்குத் தகுதியற்ற அரைத்தானியங்கித் துப்பாக்கியை அப்படி உருவாக்கினால், பட்டியலிட்ட 20 பாகங்களில் பத்துக்கு மேல் வெளிநாட்டுச் சரக்காக இருக்கக் கூடாது.