மதீரா: ஒரு சமதளப் பாதையின் வரலாறு

சென்ற டிசம்பர் மாத இறுதியில், பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இளங்கலை பயின்ற மாணவி ஒருவர் ஜெர்மனியிலிருந்து ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். குளிர்கால விடுமுறைக்காக அலுவலகத் தோழர்கள் பதினைந்து பேர் ஒன்றுசேர்ந்து மதீரா என்னும் போர்த்துகீசியத் தீவுக்குப் போயிருந்தார்களாம். படத்தில் அவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓர் ஒற்றையடிப் பாதையில் நடக்கிறார்கள். ஒரு பக்கம் பாசி படர்ந்த மலைச்சுவர், மறுபக்கம் பள்ளத்தாக்கு. பாதையை ஒட்டி முழங்கால் ஆழம்கூட இல்லாத ஒரு சிறு வாய்க்கால். "இவ்வளவு செங்குத்தான மலையில் வழி மட்டும் சமதளமாக இருக்கிறது ஐயா. நான்கு மணி நேரம் நடந்தும் மூச்சு வாங்கவில்லை" என்று எழுதியிருந்தார்.

அந்த வரி என்னை விடவில்லை. மலையில் வாழ்பவர்கள் தமக்கென்று போட்டுக்கொள்ளும் பாதை ஏறும், இறங்கும், வளையும். மைல்கணக்கில் ஒரே மட்டத்தில் போகாது. அப்படிப் போகவேண்டிய கட்டாயம் தண்ணீருக்குத்தான் உண்டு. என் மாணவி நடந்தது மனிதருக்காக வெட்டிய வழியன்று. தண்ணீருக்காக வெட்டிய வழியின் ஓரம். அதை யார் வெட்டினார்கள், எதற்காக வெட்டினார்கள் என்று தேடிப் படித்தபோது, அந்தத் தீவின் அறுநூறு ஆண்டு வரலாறு அந்த வாய்க்காலின் வழியாகவே ஓடிவருவதைக் கண்டேன்.

மதீரா, லிஸ்பனுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் அட்லாண்டிக் பெருங்கடலில் எழுந்து நிற்கும் எரிமலைத் தீவு. 1976 முதல் போர்ச்சுக்கலின் தன்னாட்சிப் பகுதி. நீளம் 57 கிலோமீட்டர். அகலம் 22 கிலோமீட்டர் அளவே. இந்தச் சிறு பரப்புக்குள் பீக்கு ரூய்வு என்னும் சிகரம் 1,862 மீட்டர் உயர்ந்திருக்கிறது. வடகிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று வடபுறச் சரிவில் மோதி மழையாகவும் மூடுபனியாகவும் இறங்கிவிடுகிறது. தென்புறத்துக்கு வெயிலே மிச்சம். பயிர் விளையத்தக்க கதகதப்பு தெற்கில், தண்ணீர் வடக்கில். நடுவே மலை.

மதீரா என்ற சொல்லுக்குப் போர்த்துகீசிய மொழியில் மரம், மரக்கட்டை என்று பொருள். 1419-ஆம் ஆண்டு ஜுவாங் கொன்சால்வஸ் ஸார்கு, திரிஸ்தாங் வாஸ் தெய்ஷெய்ரா ஆகிய மாலுமிகள் அங்கே இறங்கியபோது கரைமுதல் மேகம்வரை காடாக இருந்தது. மனிதர் எவரும் இல்லை. குடியேறியவர்கள் வைத்த தீ ஏழாண்டுகள் அணையாமல் எரிந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. அவ்வளவு மழை பெய்யும் தீவில் ஏழாண்டுத் தீ நம்பத்தக்கதன்று. ஆனால் தென்சரிவின் காடு நெருப்புக்கும் கோடரிக்கும் இரையானது என்பதில் ஐயமில்லை. எந்த மரத்தின் பெயரைத் தீவுக்கு வைத்தார்களோ, அந்த மரத்தை அழித்தபடியேதான் தீவில் குடியேறினார்கள்.

அழித்த இடத்தில் கரும்பு வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவின் சர்க்கரைச் சந்தையில் மதீராவுக்கே முதலிடம். 1478-இல் ஜெனோவா வணிகர்களுக்காகச் சர்க்கரை வாங்க அங்கே வந்தவர்களுள் ஒருவர் கிறிஸ்தோபர் கொலம்பஸ். பக்கத்துத் தீவான போர்த்து சாந்துவின் முதல் ஆளுநருடைய மகளைத்தான் அவர் மணந்தார். சர்க்கரைக்கு ஈடாக ஃபிளாண்டர்ஸ் நாட்டு ஓவியங்கள் வந்து இறங்கின. அவற்றுட் பல இன்றும் தலைநகர் ஃபுன்ஷாலின் சமயக்கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1514-இல் ஃபுன்ஷால் மறைமாவட்டமானபோது போர்த்துகீசியரின் கடல்கடந்த உடைமைகள் அனைத்தும் அதன் ஆயரின் கீழ் வந்தன. 1534-இல் கோவாவுக்குத் தனி மறைமாவட்டம் அமையும்வரை, நம் கடற்கரைகளில் போர்த்துகீசியர் எழுப்பிய தேவாலயங்களுக்கும் ஏட்டளவில் அந்தச் சிறு தீவே தலைமை. சர்க்கரை தந்த உயரம் அது.

கரும்பு தண்ணீரைக் குடிக்கும் பயிர். ஆலைகளும் தண்ணீர் விசையால் ஓடின. ஆகவே வடக்கின் நீரைத் தெற்குக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. மலையின் இடுப்பைச் சுற்றி, ஊற்றுகளிலிருந்து மெல்லிய சரிவில் வெட்டப்பட்ட இந்த வாய்க்கால்களுக்கு 'லெவாடா' என்று பெயர். சரிவு கூடினால் நீர் கரையை அரிக்கும், குறைந்தால் தேங்கும். அந்தக் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டு செங்குத்துப் பாறையைச் சுற்றிவர வேண்டும். வெட்டுவோரைக் கயிற்றில் கட்டி, சில இடங்களில் கூடையில் அமர்த்தி, மேலிருந்து பாறை முகத்தில் இறக்கினார்கள். தொங்கியபடியே உளியால் கொத்தினார்கள்.

தொடக்க நூற்றாண்டுகளில் அப்படித் தொங்கியவர்களில் பலர் அடிமைகள், கைதிகளும் இருந்தனர். கனேரித் தீவுகளிலிருந்து பிடித்துவரப்பட்ட குவாஞ்சே மக்கள், வட ஆப்பிரிக்க மூர்கள், மேற்கு ஆப்பிரிக்கக் கறுப்பின மக்கள் ஆகியோர் கரும்புக்காக இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். கரும்பு, ஆலை, அடிமை என்னும் மூன்றையும் அட்லாண்டிக் தீவொன்றில் சேர்த்துப் பார்த்த முதல் இடங்களுள் மதீரா ஒன்று. பிறகு இந்த ஏற்பாடு சாவ் தொமேவுக்கும் பிரேசிலுக்கும் போய்ப் பேருருவம் கொண்டது. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மதீராவின் சர்க்கரை தாழ்ந்தது. விறகுக்கு மரமும் அருகிப்போயிருந்தது.

கரும்பு போனாலும் வாய்க்கால் நின்றது. திராட்சை வந்தது. இந்தியாவுக்குப் புறப்பட்ட ஆங்கிலக் கப்பல்கள் ஃபுன்ஷாலில் நின்று மதுப்பீப்பாய்களை ஏற்றிக்கொண்டன. வெப்பமண்டலக் கடலில் ஆடியும் வெந்தும் அந்த மது கெடாமல் சுவை கூடியதைக் கண்டு, பீப்பாய்களை வேண்டுமென்றே கடல்சுற்றி வரச் செய்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னையில் கம்பெனி அதிகாரிகளின் விருந்து மேசைகளில் மதீரா மது இருந்தது இவ்வழியில்தான்.

இங்கே ஒரு விந்தையான உரிமைமுறை உருவாயிற்று. நிலம் ஒருவருடையது, தண்ணீர் வேறொருவருடையதாக இருக்கலாம். இத்தனை நாளுக்கு ஒருமுறை இத்தனை மணி நேரம் என்று நீர்முறை பகிரப்பட்டது. அந்த நேரத்தை நிலத்தினின்று பிரித்து விற்கலாம், வாடகைக்கு விடலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். நள்ளிரவில் முறை வந்தால் விளக்கோடு போய் மடையைத் திறக்க வேண்டும். இவற்றையெல்லாம் மேற்பார்க்க லெவாடெய்ரோ என்றொரு பணியாளர் இருந்தார். நம் ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்று அழைக்கப்பட்டவரை நினைத்துக்கொண்டால் போதும். வாய்க்காலில் விழும் இலையையும் மண்ணையும் வாரி, உடைப்பை அடைத்து, முறையைக் காத்து, நாள்தோறும் அவர் நடப்பதற்காக விடப்பட்ட கரைதான் அந்தச் சமதளப் பாதை.

நிலத்துக்கும் இப்படியொரு பிரிவு இருந்தது. சரிவைப் படிப்படியாக வெட்டி, கல்லடுக்கிச் சுவரெழுப்பி, மண்சுமந்து கொட்டி வயலாக்கியவர் குத்தகையாளர். அந்தச் சுவரும் படியும் அவருடையவை. அடியிலுள்ள நிலம் மட்டும் சீமானுடையது. விளைச்சலில் பாதி சீமானுக்குப் போயிற்று. 'கொலோனியா' எனப்பட்ட இம்முறை 1977-இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

*

குளிர்கால விருந்தினர்கள் வரத் தொடங்கியது இத்தகைய தீவுக்குத்தான். முதலில் வந்தவர்கள் நோயாளிகள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே காசநோய்க்கு மதீராவின் மிதமான குளிர்காலம் மருந்து என்று ஆங்கிலேய மருத்துவர்கள் பரிந்துரைத்தார்கள். இலையுதிர்காலத்தில் கப்பல் நிறைய நோயாளிகளும் உறவினர்களும் பணிப்பெண்களுமாகக் கூட்டமாக வந்து, மாடத்தோடு கூடிய வீடுகளை வாடகைக்கு எடுத்து, வசந்தத்தில் திரும்புவார்கள். திரும்பாதவர்கள் ஃபுன்ஷாலின் ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். பிரேசிலின் முதல் பேரரசர் பெத்ருவின் மகள் மரியா அமேலியா 1853 பிப்ரவரியில் இருபத்தொரு வயதில் இங்கே காசநோயால் மறைந்தார். அவர் நினைவாகத் தாய் எழுப்பிய மருத்துவமனை 1862-இல் திறக்கப்பட்டது. ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் 1860-61 குளிர்காலத்தை இங்கேதான் கழித்தார்.

இவர்கள் அந்த மலையில் எப்படி நடமாடினார்கள்? சக்கர வண்டி ஏறமுடியாத தெருக்கள் அவை. மூங்கில் தூளியைப்போல நீண்ட கழியில் வலை கட்டி, அதில் விருந்தினரைப் படுக்கவைத்து, இருவர் தோளில் சுமந்தனர். கூழாங்கல் பாவிய தெருக்களில் மாடுகள் இழுக்கும் சறுக்குவண்டிகளும் ஓடின. குளிர்கால ஓய்வென்பது ஒருவர் படுத்திருக்க இருவர் மலையேறுவதாக இருந்தது.

சுமந்தவர்களின் குளிர்காலம் வேறு. 1846-இல் உருளைக்கிழங்கு அழிந்து பஞ்சம் வந்தது. 1852-இல் பூஞ்சணநோய் திராட்சையைத் தாக்கியது. 1872-இல் வேர்ப்பூச்சி எஞ்சியதையும் தின்றது. விருந்தினர் வந்திறங்கிய அதே துறைமுகத்திலிருந்து தீவின் மக்கள் கப்பலேறினார்கள். 1835-இலேயே பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக மதீராவினர் போகத் தொடங்கியிருந்தனர். அடுத்த அரை நூற்றாண்டில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் போனார்கள். 1838-இல் கல்கத்தாவிலிருந்தும், 1845 முதல் சென்னையிலிருந்தும் இந்தியக் கூலிகள் போய்ச் சேர்ந்தது அதே தோட்டங்களுக்குத்தான். கரும்புக்காக அடிமைகளைக் கொண்டுவந்த தீவின் பிள்ளைகள், கரும்புக்காகவே கூலிகளாகிப் போன இடத்தில், நம்மவர்களோடு அருகருகே நின்று வெட்டியிருக்கிறார்கள். வரலாறு இப்படியும் கணக்குத் தீர்க்கிறது. ஆனால் கடன் வாங்கியவரிடமிருந்து வசூலிப்பதில்லை.

1879-இல் ஹவாய்க்குப் போன மதீராக் கூலிகள் தம்மோடு ஒரு சிறு நான்கு நரம்புக் கருவியையும் எடுத்துச் சென்றார்கள். உலகம் இன்று அதன் வழித்தோன்றலை உகுலேலே என்று வாசிக்கிறது.

குளிர்காலத்தின் இரு முகங்களையும் ஒருசேரக் கண்ட விருந்தினர் ஒருவர் உண்டு. ஆஸ்திரியாவின் கடைசிப் பேரரசர் முதலாம் கார்ல் 1921 நவம்பரில் நாடுகடத்தப்பட்டு இங்கே வந்தார். கையில் பணமில்லை. கடலோர விடுதியை விட்டு, மலைமேல் மோந்த்தியில் ஒருவர் இலவசமாகக் கொடுத்த வீட்டுக்குக் குடும்பத்தோடு குடிபெயர்ந்தார். அது கோடைக்கான வீடு. குளிர்காலத்தில் மூடுபனி சுவருக்குள்ளேயே வந்துவிடும். நுரையீரல் அழற்சி கண்டு 1922 ஏப்ரல் 1 அன்று முப்பத்து நான்கு வயதில் இறந்தார். மோந்த்தி ஆலயத்திலேயே அடக்கமானார். நுரையீரலுக்கு மருந்தென்று புகழ்பெற்ற தீவு சில நூறு மீட்டர் உயரத்தில் வேறொரு தீவாகிவிடுகிறது என்பதை, அங்கே ஏழைகளாய் வாழ்ந்தவர்கள் முன்பே அறிந்திருப்பார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் காசநோயாளிகள் வரவு நின்றது; ஓய்வு தேடுவோர் வந்தனர். 1950 ஜனவரியில் வின்ஸ்டன் சர்ச்சில் வந்து காமரா தெ லோபுஷ் மீனவர் துறையில் அமர்ந்து ஓவியம் தீட்டினார். அதே காலத்தில் அரசு பெரிய லெவாடாக்களை வெட்டிக்கொண்டிருந்தது. 1952-இல் வடக்கு லெவாடா திறக்கப்பட்டது. 1966-இல் தோர்னுஷ் லெவாடா. பாசனத்தோடு மின்சாரமும் அவற்றிலிருந்து வந்தது. இன்று கிளைகளோடு சேர்த்து லெவாடாக்களின் நீளம் 2,000 கிலோமீட்டருக்கும் மேல் என்பது பொதுவான கணக்கு.

1964-இல் விமான நிலையம் வந்தது. மலைக்கும் கடலுக்கும் இடையே 1,600 மீட்டர் ஓடுதளம். 1977 நவம்பர் 19 இரவு, மழையில் இறங்கிய விமானம் ஓடுதளத்தைத் தாண்டி விழுந்து 131 பேர் மாண்டனர். பின்னர் ஓடுதளம் நீட்டப்பட்டு, 2000-ஆம் ஆண்டு முதல் கடலோரத்தில் நட்ட தூண்களின் மேல் நிற்கிறது. அதன்மீதுதான் இன்று குழுகுழுவாகக் குளிர்கால விடுமுறைக்காரர்கள் வந்திறங்குகிறார்கள்.

நீர்க்கட்டியின் கரை நடைப்பயணிகளின் பாதையானது இந்தக் காலத்தில்தான். 1999-இல் வடசரிவில் எஞ்சிய லாரல் காடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்தக் காட்டின் இலைகள் மூடுபனியைச் சீப்பால் வாருவதுபோல் வாரிச் சொட்டவைக்கின்றன; மழைபோக அந்த நீரும் ஊற்றுகளுக்கு இறங்குகிறது. காடு குறைந்தால் வாய்க்கால் வற்றும். சரிவில் பிடிமானமும் குறையும். 2010 பிப்ரவரி 20 அன்று கொட்டிய மழையில் மலை மண்ணும் பாறையுமாக ஃபுன்ஷாலுக்குள் இறங்கியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதுவும் ஒரு குளிர்காலந்தான்.

பயணம் போவது தவறென்று நான் சொல்லவில்லை. நடப்பவர்களின் பணம் தீவுக்கு வேண்டும். கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் ஊரிலேயே இருக்க அது ஒரு காரணம். ஆனால் மூச்சு வாங்காமல் நடக்க முடிகிற வழி எதுவும் இயற்கையாக அமைவதில்லை. அங்கே யாரோ ஒருவர் முன்பே மூச்சு வாங்கியிருக்கிறார்.

மாணவிக்கு இவ்வளவும் எழுதவில்லை. வாய்க்காலில் இலை அடைத்துக்கொள்ளாமல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததா, வழியில் கையில் மண்வாரியோடு யாரையாவது பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டிருந்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "ஆமாம் ஐயா, ஒரு பெரியவர் இருந்தார். நாங்கள் பதினைந்து பேரும் கடந்து போகும்வரை பாறையோடு ஒட்டி நின்று வழிவிட்டார். படத்தில் அவர் விழவில்லை."