வரை போட்டவன் யார்?

நாகர்கோவிலில் எங்கள் பட்டறைக்கு வரும் வேலையில் முக்கால்வாசி பூஜையறைக் கதவும் ஜாலியும்தான். சிஎன்சி ரவுட்டர் வாங்கியதும் அதற்காகத்தான். அதே மெஷினில் பன்னிரண்டு அடித் துடுப்புப் படகு ஒன்றுக்குப் பலகை வெட்டப்போகிறேன் என்றதும், தச்சனின் வேலையைக் கம்ப்யூட்டர் பிடுங்கிக்கொண்டது என்று ஆளாளுக்கு வருத்தப்பட்டார்கள். வரலாறு அப்படி இல்லை. படகின் வடிவம் தச்சன் கையைவிட்டுப் போனது கம்ப்யூட்டருக்கு வெகுகாலம் முன்பு. எங்கள் கரையில் அது முட்டம் என்ற கடற்கரை ஊரில் நடந்தது.

பழைய முறையில் படகு கட்டும் தச்சரான ஓடாவி முதலில் ஏரா என்ற அடிக்கட்டையை வைப்பார். அணியம் என்ற முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் நிறுத்தி, நடுவே விலா எலும்புபோன்ற வங்குகளை ஏற்றுவார். பிறகு ஒரு மெல்லிய மரச்சட்டத்தை அவற்றின்மேல் வளைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். எந்த வங்கு துருத்துகிறதோ அதைச் செதுக்குவார். ஐரோப்பியக் கப்பல் தளங்களிலும் சட்டம்தான் வழிகாட்டி. அங்கே படகின் முழு அளவுப் படத்தைத் தரையிலேயே வரைந்தார்கள். ஈயக்கட்டிகளை வைத்துச் சட்டத்தை அழுத்திப் பிடித்து, அதன் ஓரமாகக் கோடு இழுத்தார்கள். இன்றைய வரைகலை மென்பொருள் வளைகோடு போடும் கணக்குக்கு மூலம் அந்தச் சட்டம்தான்.

1963-இல் இங்கிலாந்தில் இந்த ஒழுங்கு குலைந்தது. ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரும், தொலைக்காட்சியில் வீட்டு மரவேலை சொல்லிக்கொடுத்த பேரி பக்னலும் சேர்ந்து ஒரு சின்னப் பாய்மரப் படகை உருவாக்கினார்கள். டெய்லி மிரர் நாளிதழ் அதற்குத் தன் பெயரைக் கொடுத்தது. நீளம் 10 அடி 10 அங்குலம். வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் கிட்டாக வந்தது, அன்றைய விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். வெட்டிவந்த ஒட்டுப்பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, தையல்மேல் கண்ணாடியிழை நாடாவை ரெசின் போட்டு ஒட்ட வேண்டும். வங்கு ஏற்றிச் செதுக்கும் கட்டமே கிடையாது. வளைந்த இரண்டு ஓரங்களைக் கம்பி இழுத்துச் சேர்க்கும்போது தட்டையான பலகை தானாக வயிறு தள்ளுகிறது. துணியை வெட்டும்போதே ரவிக்கையின் அளவு முடிவாகிவிடுவதைப் போல, படகின் வடிவம் முழுவதும் அந்த ஓரக் கோட்டில் அடங்கிவிட்டது. வீட்டுக் கார் ஷெட்டில் குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் கட்டினார்கள். இதுவரை 70,000-க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் உருவாகியிருக்கின்றன.

1980களின் தொடக்கத்தில் இந்தத் தையல் முறை முட்டத்துக்கு வந்தது. கோட்டார் சமூக சேவைச் சங்கத்தின் படகு கட்டும் மையத்தில், பொருளியலாளர் ஷூமாக்கர் பிரிட்டனில் தொடங்கிய இடைநிலைத் தொழில்நுட்ப வளர்ச்சிக் குழுவின் துணையோடு ஒட்டுப்பலகைப் படகுகள் பிறந்தன. காரணம் விளையாட்டல்ல, வயிறு. கட்டுமரத்துக்கான மரம் அருகி, விலை ஏறிக்கொண்டிருந்தது. இழுவை விசைப்படகுகள் கரையோர மீனை வாரிக்கொண்டு போயின. வெளியே மாட்டும் மோட்டாரோடு தூரம் போனால்தான் பிழைப்பு. படகு கரையோர அலையைத் தாண்டவும் வேண்டும், திரும்பி வந்ததும் மணலில் ஆட்கள் இழுத்து ஏற்றவும் முடிய வேண்டும். அங்கே வேலை செய்த பியர் ஜில்லே 1985-இல் இதைப் பற்றி எழுதிய புத்தகத்தின் தலைப்பு ‘ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்’. ஷூமாக்கரின் ‘ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற புகழ்பெற்ற தலைப்பை அவர் சற்றுக் குறும்பாகவே திருப்பிப் போட்டார் என்று நினைக்கிறேன்.

பலகையைத் தைப்பது எங்களுக்குப் புதிதல்ல. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகும் கேரளத்துக் கெட்டுவள்ளமும் கயிற்றால் தைத்தவைதான். கோடு வெளியிலிருந்து வந்ததுதான் புதிது.

மெஷினின் கதை தனி. அமெரிக்காவில் ஹெலிகாப்டர் இறக்கை செய்துகொண்டிருந்த ஜான் பார்சன்ஸ், வளைவைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு அந்த எண்களாலேயே மெஷினை ஓட்டலாம் என்று கண்டார். 1952-இல் எம்ஐடி ஆய்வகத்தில், துளையிட்ட காகித நாடாவை வாசித்து ஓடும் மில்லிங் மெஷின் காட்சிக்கு வந்தது. என் ரவுட்டர் அதன் பேரப்பிள்ளை. எட்டடிப் பலகைகளை நீளவாக்கில் இணைக்க முன்பெல்லாம் ஓரத்தை ஒன்றுக்கு எட்டாகச் சரித்துச் சீவுவார்கள், 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ. சரிவு. இப்போது கிட்களில் புதிர்ப்படத் துண்டுபோல் பல்லுக்குப் பல் கோக்கும் இணைப்பு வருகிறது. பல்லின் முனை உருண்டையாக இருப்பது அழகுக்கு அல்ல. சுழலும் பிட் உள்மூலையைக் கூராக வெட்டாது, அவ்வளவுதான்.

அடிப்பலகை ஓடிக்கொண்டிருந்தபோது, ஒட்டுப்பலகைப் படகுத் தளத்தில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர் வந்து நின்றார். வெட்டிய ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார்.

“சுத்தமாத்தான் வெட்டுது. வரை போட்டது யாரு மக்கா?”

“வெளிநாட்டு டிசைனர், அண்ணாச்சி. ஃபைலை விலைக்கு வாங்கினேன். ஒரு படகு மட்டும்தான் கட்டலாம்.”

“வரைக்குத் தனியா காசா? எங்க அச்சுப்பலகையை எவன் கேட்டாலும் இரவல் குடுப்போம். கூலி வேலைக்குத்தான்.”

ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. கோடு போடுவதும் வேலைதானே? இரவலாகப் போன அச்சுப்பலகைக்கு யார் பெயரும் மிஞ்சவில்லை. ஹோல்ட் பெயர் மிஞ்சியிருக்கிறது.

பெரியவர் கம்ப்யூட்டர் திரையில் மேல்பலகையைக் காட்டச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அணியம் தணிஞ்சு கெடக்கு. குளத்துக்குப் போதும். நம்ம கடல்னா ரெண்டு விரக்கடை ஏத்தணும்” என்றார். தைக்கும் ஓரத்தைத் தொட வேண்டியதில்லை, மேல் ஓரம் மட்டும்தான். அவர் விரலை அளந்து 35 மி.மீ. என்று போட்டேன். கோடு வளைந்து ஏறியது. “இன்னும் கொஞ்சம் பின்னால இருந்தே தூக்கு” என்றார்.