கட்-ஆஃப் ஆகாத ஃபிரிட்ஜ்

சென்னைக் கடற்கரையில் 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் என்ற பனிக்கட்டிக் கிடங்கில் இயந்திரம் எதுவும் கிடையாது. பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர், தம் ஊர்ப் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். 1833-இல் கல்கத்தாவுக்குப் போன முதல் சரக்கு நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பிறகும் பாதிக்கு மேல் கரையாமல் போய்ச் சேர்ந்தது. கப்பலில் மரத்தூளும் கரையில் தடித்த சுவரும் வெப்பத்தைத் தடுத்து நின்றதால்தான் அந்த வணிகம் நடந்தது. நீராவி இயந்திரத்தால் இந்தியாவிலேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அது நின்றுபோனது.

வீட்டுக்குள் வைக்கும் மின்சாரக் குளிர்பெட்டி 1910-களில் அமெரிக்காவில் பிறந்தது. முதலில் அதில் குளிரூட்ட ஓடியது கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற நச்சு வாயு. கசிந்தால் உயிருக்கே ஆபத்து. 1930 வாக்கில் வந்த ஆர்-12 என்ற வாயு அந்த அச்சத்தைப் போக்கியது. மோட்டாரும் கம்ப்ரசரும் பற்றவைத்து மூடிய ஒரே கூட்டுக்குள் போயின. இவற்றோடு வளர்ந்த சிறிய பாகம் தெர்மோஸ்டாட். ஃபிரீசரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய குழாய்க்குள் அடைத்த வாயு, குளிர்ந்தால் சுருங்கி மின்தொடர்பைத் துண்டிக்கும்; இதுதான் கட்-ஆஃப். சூடேறினால் விரிந்து மீண்டும் இணைக்கும். சரியாக இயங்கும் ஃபிரிட்ஜ் விட்டுவிட்டு ஓடுவது இதனால்தான். எனவே நிற்காமல் ஓடும் ஃபிரிட்ஜில் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும்: உள்ளே வேண்டிய குளிர் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் தெர்மோஸ்டாட்டுக்குத் தெரியவில்லை. பழுது தேடுவது முழுக்க இந்த இரண்டையும் பிரித்தறிவதில் அடங்கியிருக்கிறது.

இந்தியாவில் 1958-இல் கோத்ரெஜ் ஃபிரிட்ஜ் தயாரிப்பைத் தொடங்கியது. பைக்காரா நீர்மின்சாரம் 1930-களிலேயே கொங்கு நாட்டில் இறங்கியிருந்தாலும், அது மில்லுக்கும் கிணற்று மோட்டாருக்கும் போனபின்தான் அடுப்படிக்கு வந்தது. அவிநாசிக்கு வடக்கே கடலை ஏலத்துக்குப் பேர்போன சேவூர் போன்ற ஊர்களில், பனியன் ஏற்றுமதி பெருகிக் கையில் காசு புழங்கிய பிறகே ஃபிரிட்ஜ் சாதாரணப் பொருளானது. அப்போது வாங்கிய ஒற்றைக் கதவுப் பெட்டிகள் சில இன்னும் ஓடுகின்றன. அவை நிற்காமல் ஓடினால், தூக்கி எறியச் சொல்வதற்கு முன் காரணத்தைத் தேடிப் பார்ப்பது நியாயம்.

முதலில் பின்பக்கம். கறுப்புக் கம்பிச் சுருள்தான் உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே விடும் இடம். தையல் மெஷின் ஓடும் வீட்டில் பனியன் துணியின் பஞ்சு பறந்து வந்து அந்தக் கம்பிகளுக்கிடையே கம்பளிபோல் படிந்துவிடும். வெப்பம் போக வழியில்லாமல் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிரஷ்ஷால் தட்டி, சுவரிலிருந்து அரையடி தள்ளி வைத்தாலே பல பெட்டிகள் கட்-ஆஃப் ஆகத் தொடங்கிவிடும்.

அடுத்தது கதவு. பழைய பெட்டிகளில் கைப்பிடியை இழுத்தால் திறக்கும் கொக்கிப்பூட்டு இருந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட குழந்தைகள் மூச்சுமுட்டி இறந்ததால், உள்ளிருந்து தள்ளினாலும் கதவு திறக்க வேண்டும் என்று அமெரிக்கா 1956-இல் சட்டம் இயற்றியது. அதன்பின் காந்தப் பட்டை வைத்த ரப்பர் எங்கும் வழக்கமானது. ரூபாய் நோட்டு ஒன்றைக் கதவில் வைத்து மூடி இழுத்தால் அது பிடித்து நிற்க வேண்டும். வழுக்கி வந்தால் அங்கே ரப்பர் இறுகவில்லை. அந்த வழியே ஈரக்காற்று புகுந்து ஃபிரீசரில் ஐஸாகக் கட்டும். கட்டிய ஐஸ் உள்ளே குளிர் பரவுவதைத் தடுக்கும்.

அந்த ஐஸைக் கத்தியால் குத்தி எடுக்கும் பழக்கம் ஏராளமான ஃபிரிட்ஜ்களைக் கெடுத்திருக்கிறது. ஃபிரீசர் தகட்டுக்குள்ளேயே வாயு ஓடும் பாதை இருக்கிறது. அது கசிந்துபோக, அலுமினியத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை போதும். கேஸ் குறைந்த பெட்டியை எளிதில் கண்டுகொள்ளலாம். ஃபிரீசரில் ஒரு மூலையில் மட்டும் வெண்பனி படியும், மற்ற இடம் வெறுமையாக இருக்கும். பின்சுருள் சூடேறாது. கம்ப்ரசர் நிற்காது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடிப்பதால் பயனில்லை. அடிக்கும் கேஸும் இப்போது மாறிவிட்டது. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் ஏற்பட்ட மாண்ட்ரீல் உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் சேர்ந்தது. 2010-க்குள் ஆர்-12 போன்ற வாயுக்களைக் கைவிட்டது. பதிலுக்கு வந்த ஆர்-134ஏ பழைய கம்ப்ரசர் எண்ணெயோடு சேராது, எண்ணெயையும் மாற்ற வேண்டும். இன்றைய புதுப் பெட்டிகளில் உள்ள ஆர்-600ஏ தீப்பற்றக்கூடியது.

பெட்டி முழுக்க விறைத்துத் தண்ணீர் பாட்டில்கூட உறைந்தும் மோட்டார் ஓடினால் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல் திரும்ப வேண்டும். குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பியும் நிற்கவில்லையென்றால் உள்ளே தொடர்பு ஒட்டிக்கொண்டது. புதியது போட்டால் தீரும், செலவும் குறைவு.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஓட்டம் நிற்காவிட்டால் மிஞ்சுவது, ஐஸ் ஹவுஸில் போலவே வெப்பத்தைத் தடுக்க வேண்டிய பெட்டியின் சுவர். பாலியூரித்தேன் நுரை வருவதற்கு முன் பெட்டிகளின் தகடுகளுக்கு நடுவே கண்ணாடிக் கம்பளியை அடைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஈரம் ஊறினால் அது வெப்பத்தைத் தடுக்காது; வெளித்தகட்டில் வியர்வை துளிர்ப்பது அதன் அடையாளம். அத்தகைய பெட்டிக்குப் புதுக் கம்ப்ரசர் போடுவது வீண்செலவு.