கங்கையின் ஆழத்தை ஏன் திரும்பத் திரும்ப அளக்கிறாங்க? ஒருமுறை அளந்தால் போதாதா?

மேற்கு வங்கத்தின் ஹால்தியாவில் இருந்து உத்தரப்பிரதேசத்தின் பிரயாக்ராஜ் வரை, கங்கையும் அதன் கிளையான பாகீரதி-ஹூக்ளியும் சேர்ந்த 1,620 கிலோமீட்டர் நீர்வழி 1986-ல் தேசிய நீர்வழி எண் 1 ஆக அறிவிக்கப்பட்டது. சாலையில் நட்ட மைல்கல் பல வருஷம் அதே இடத்தில் நிற்கும். ஆற்றுப்பாதை அப்படியில்லை. போன மாதம் சரக்குக் கப்பல் போன இடத்தில் இந்த மாதம் மணல்திட்டு இருக்கலாம். கப்பல் தரைதட்டாமல் இருக்க வேண்டுமென்றால், அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஆழத்தை எப்படி அளக்கிறாங்க?

முன்பு மூங்கில் கழியும், ஈயக்குண்டு கட்டிய கயிறும்தான் கருவிகள். இப்போது சர்வே படகில் 'எக்கோ சவுண்டர்' இருக்கிறது. அது ஆற்றின் அடிமட்டத்தை நோக்கி ஒலியை அனுப்பும். ஒலி தண்ணீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் போகும். அடியில் பட்டுத் திரும்பி வர ஒரு நொடியில் ஆயிரத்தில் 4 பங்கு நேரம் ஆனால், போக வர மொத்தம் 6 மீட்டர். அப்படின்னா ஆழம் 3 மீட்டர். படகு அந்த நேரத்தில் எங்கே இருந்தது என்பதை ஜிபிஎஸ் பதிவு செய்யும். கரைக்குக் கரை குறுக்காகப் போய், இப்படி வரிசை வரிசையாக அளக்கிறார்கள்.

ஆற்றை அளக்க நில அளவை எதுக்கு?

ஆற்றின் நீர்மட்டம் மழைக்காலத்தில் ஏறும், கோடையில் இறங்கும். இன்று 7 மீட்டர் ஆழம் என்பது மட்டும் கப்பல் ஓட்டுபவருக்குப் போதாது. அதனால் கோடைகாலத் தாழ்ந்த நீர்மட்டத்தை ஒட்டி ஓர் அடிப்படை மட்டத்தை வைத்துக்கொள்கிறார்கள். கரையில் உயரம் துல்லியமாகக் கணக்கிடப்பட்ட குறிகளை வைத்து, இன்றைய நீர்மட்டம் அதைவிட எவ்வளவு உயரம் என்று பார்க்கிறார்கள். அது 5 மீட்டர் என்றால், வரைபடத்தில் 2 மீட்டர் என்றுதான் குறிப்பார்கள். கரையில் உள்ள குறி தப்பானால், ஆழமும் தப்பாகிவிடும்.

ஆறு அவ்வளவு மாறுமா?

ஜேம்ஸ் ரென்னல் 1764-ல் வங்காள ஆறுகளை அளக்கத் தொடங்கினார். 1767-ல் வங்காளத்தின் சர்வேயர் ஜெனரல் ஆனார். அவர் வரைபடத்தில் தீஸ்தா ஆறு தெற்கே ஓடி கங்கையில் சேர்கிறது. 1787 வெள்ளத்தில் அது திசை மாறி பிரம்மபுத்திராவில் போய்ச் சேர்ந்தது. வரைபடம் வெளியாகி பத்தே ஆண்டுகளுக்குள் இது நடந்துவிட்டது.

நிலம் யாருக்கு?

ஆறு நகர்ந்தால் ஒருவர் வயல் கரைந்து போகும், இன்னொருவர் பக்கம் புதுமண் சேரும். இதற்காகவே 1825-ல் வங்காளத்தில் ஒரு சட்டவிதி வந்தது. தெளிவான உள்ளூர் வழக்கம் இல்லாத இடங்களில், சிறுகச் சிறுகச் சேர்ந்த மண் அதை ஒட்டிய நிலத்துக்காரருக்கு. ஆறு திடீரெனப் பாதை மாறி ஒரு நிலத்தைப் பிரித்துவிட்டால், அடையாளம் தெரியும்வரை அது பழைய உரிமையாளருக்கே. இதில் எது நடந்தது என்று சொல்ல, பழைய அளவும் புதிய அளவும் கையில் வேண்டும்.

கரை அரிப்பு அதிகமுள்ள மால்டா, முர்ஷிதாபாத் மாவட்டங்களில் வயலையும் வீட்டையும் ஆற்றிடம் இழந்தவர்களுக்கு, தங்கள் நிலம் எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி அந்தப் பழைய அளவுதான். ஆற்று வரைபடத்தைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்தத் தேதியில் அளக்கப்பட்டது என்பதைத்தான்.